ஹெச்ஆர் சாஃப்ட்வேரை எதோடு, எந்த வழியில் இணைப்பது?

300 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஹெச்ஆர் சாஃப்ட்வேர் தனியாக இயங்க முடியாது. வாசலில் பஞ்ச் மெஷின், மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளத்துக்கு பேங்க், கணக்குக்கு டாலி, ஆபீஸ் ஆட்களுக்கு மெயில் ஐடி. இத்தனையோடும் அது பேசியாக வேண்டும். விற்க வருபவர் "எங்ககிட்ட ஏபிஐ இருக்கு சார்" என்பார், அதாவது ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு நேராகப் பேசும் வழி. அத்தோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் எந்த வடிவத்தில் வாங்கிக்கொள்ளும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தகவல் போக வேண்டும், ஒருநாள் போகாமல் நின்றால் யார் கண்ணில் படும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். சத்தமில்லாமல் நின்றுபோகும் இணைப்பு, இணைப்பே இல்லாததைவிட ஆபத்து. எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பி ஒருவரும் சரிபார்க்க மாட்டார்கள்.

முதல் வேலையை ஒரு தாளிலேயே முடித்துவிடலாம்: எந்தத் தகவலுக்கு எது தாய்வீடு? பெயர், சேர்ந்த தேதி, யுஏஎன் என்ற பி.எஃப். எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் ஹெச்ஆர் சாஃப்ட்வேரில். மெயில் ஐடி மெயில் சிஸ்டத்தில். பஞ்ச் நேரம் மெஷினில். ஒரே தகவலை இரண்டு இடத்திலும் திருத்த விட்டால், நேற்று சரிசெய்ததை இன்று ராத்திரி பழைய தகவல் வந்து அழித்துவிடும். ஆளை அடையாளம் காட்ட மொபைல் நம்பரையோ மெயிலையோ வைக்காதீர்கள், இரண்டும் மாறும். எம்ப்ளாயி கோட் வையுங்கள், அதையும் டெக்ஸ்டாகவே வையுங்கள். "0042" என்ற கோடு உள்ள சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் ஒருதடவை திறந்து சேவ் செய்தால் "42" ஆகிவிடும். அதற்கப்புறம் அந்த ஆளின் பஞ்ச் எதுவும் அவர் கணக்கில் சேராது.

பஞ்ச் மெஷினில் இரண்டு வழி உண்டு. ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெஷினிடம் போய்ப் பதிவுகளை எடுத்து வருவது ஒன்று. இசட்கே வகை மெஷின்களில் இதற்கு வழக்கமான போர்ட், அதாவது நெட்வொர்க்கில் தகவல் போய்வரும் வாசல் எண், 4370. மெஷினே நேராக சர்வருக்குப் பதிவுகளை அனுப்புவது இன்னொன்று. கிளைகள் இரண்டு மூன்று இருந்தால் இரண்டாவதுதான் நல்லது. முதல் வழியில் அந்தக் கம்ப்யூட்டரை யாராவது சாயங்காலம் ஆஃப் செய்துவிட்டுப் போனால் நைட் ஷிஃப்ட் பதிவு காலை வரை வராது.

மெஷின் தானே அனுப்பும் வழியில் மூன்று இடத்தில் அடி விழும். பதிவு கிடைத்ததாக சர்வர் பதில் சொல்லாவிட்டால் மெஷின் அதையே திரும்ப அனுப்பும். ஆகவே மெஷின் சீரியல் நம்பர், எம்ப்ளாயி கோட், நொடி வரையிலான நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே பஞ்ச் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது நேரம். மெஷின் அனுப்புவது உள்ளூர் நேரம், எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு அதில் இருக்காது. சர்வர் அதை யுடிசி என்ற உலகப் பொது நேரம் என்று நினைத்துக்கொண்டால் 9:02-க்கு வந்தவர் 14:32-க்கு வந்ததாகக் காட்டும், அரைநாள் சம்பளம் போகும். மூன்றாவது, நெட் போனால் மெஷின் பதிவுகளைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பும். 28-ஆம் தேதி பஞ்ச் 30-ஆம் தேதி வந்து சேரலாம். அட்டெண்டன்ஸை லாக் செய்யும் முன், ஒவ்வொரு மெஷினிலிருந்தும் கடைசியாகப் பதிவு வந்த நேரத்தை ஒரே பக்கத்தில் காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாத சாஃப்ட்வேரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பக்கம் ஃபைல்தான் வழி. இதில் குறையொன்றும் இல்லை. ஃபைலை ஒருவர் கண்ணால் பார்த்து ஏற்றுகிறார், தவறு அங்கேயே தெரிந்துவிடும். பி.எஃப். ரிட்டர்னுக்கு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு 11 கட்டங்கள், நடுவே #~# என்ற பிரிப்பான். யுஏஎன், பெயர் இரண்டுக்கும் பிறகு, 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மீதி ஒன்பது கட்டங்கள் இப்படி வரும்:

15000#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0

1,800 என்பது ஊழியரின் 12 சதவீதம். 1,250 நிறுவனம் பென்ஷனுக்குக் கட்டும் 8.33 சதவீதம். கணக்குப் போட்டால் 1,249.50 வரும், முழு ரூபாயாக்கித்தான் எழுத வேண்டும். 550, நிறுவனத்தின் 12 சதவீதத்தில் பென்ஷன் போக மிச்சம். சாஃப்ட்வேர் 8.33-ஐயும் 3.67-ஐயும் தனித்தனியே ரவுண்டு செய்தால் 1,250, 551 என்று வந்து ஒரு ரூபாய் உதைக்கும். பென்ஷனை முதலில் ரவுண்டு செய்து, மீதியைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். டெமோவில் இந்த ஒரு வரியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ.-க்கு எக்ஸெல் ஃபைல். ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் காரணக் கோடு இல்லாமல் ஏறாது. இன்னொன்று: ஜூலையில் சம்பளம் உயர்ந்து இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடர வேண்டும், ஏனென்றால் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தாண்டிய மாதமே நிறுத்திவிடும் சாஃப்ட்வேர்கள் உண்டு, கவனம்.

பேங்குக்கு 300 பேர் அளவில் ஏபிஐ தேவையில்லை என்பது என் கருத்து. ஒருவர் ஏற்றி இன்னொருவர் ஒப்புதல் தரும் மொத்த அப்லோடு போதும். ஆனால் அந்த ஃபைலை எக்ஸெலில் தொடவே கூடாது. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில "ஓ" எழுத்தை அடித்தவர்கள் ஏராளம். இந்தச் சோதனை ஆளைச் சேர்க்கும்போதே நடக்க வேண்டும், சம்பள நாளில் அல்ல. பேங்க் திருப்பித் தரும் ஃபைலையும் சாஃப்ட்வேருக்குள் ஏற்றுங்கள். திரும்பி வந்த சம்பளத்தை "கொடுத்தாயிற்று" என்றே காட்டிக்கொண்டிருந்தால் ஒரு குடும்பம் காத்திருக்கும்.

டாலியை எக்ஸ்எம்எல் என்ற தகவல் வடிவம் வழியாக போர்ட் 9000-இல் தொடலாம். அந்த மெஷினில் டாலி திறந்திருக்க வேண்டும், லெட்ஜர் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். துறைவாரியாக மாதம் ஒரு ஜர்னல் போதும்.

ஏபிஐ உண்மையாகவே தேவைப்படும் இடம் மெயிலும் மற்ற லாகின்களும். இங்கே சாம்எல் என்ற முறை வழி சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் எல்லாச் சேவைக்குள்ளும் போவது) இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உள்ளே விடும் கதவு மட்டும்தான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அந்தந்த சேவையில் அப்படியே கிடக்கும். கணக்கைத் திறக்கவும் முடக்கவும் 2015-இல் வந்த ஸ்கிம் 2.0 என்ற முறை இருக்கிறது, எதிர்ப்பக்கம் அதை ஆதரிக்கிறதா என்று கேளுங்கள். கடைசி நாளில் கணக்கை முடக்குங்கள், உடனே அழிக்க வேண்டாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

ஆள் சேர்ந்தார், மாறினார், போனார் என்ற செய்திகளுக்கு வெப்ஹுக் பொருத்தம், அதாவது ஏதாவது நடந்ததும் சாஃப்ட்வேர் தானே அனுப்பும் அறிவிப்பு. அதைக் காலிங் பெல் மாதிரி வையுங்கள். பெல் அடித்தால் போய் ஏபிஐயில் இப்போதைய நிலையைக் கேட்டு வர வேண்டும். செய்தியில் வந்ததை அப்படியே எழுதக் கூடாது. ஒரே செய்தி இரண்டு தடவை வரும், முன்பின் மாறியும் வரும், சில நேரம் வராமலே போகும். அதனால் ராத்திரி ஒருமுறை முழுப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் கூடவே வேண்டும். யார் வேண்டுமானாலும் பெல் அடிக்காமலிருக்க, செய்தியோடு வரும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்தே ஏற்க வேண்டும்.

இரண்டு சாஃப்ட்வேருக்கு நடுவே தகவலைக் கடத்தும் ஜாப்பியர் போன்ற சேவைகளுக்குக் கட்டணம் வேலை எண்ணிக்கையை வைத்து. 300 பேர், நாளுக்கு 4 பஞ்ச், 26 நாள் என்றால் மாதம் 31,200. பஞ்ச் தகவலை அதில் விடாதீர்கள். சம்பளத் தகவலையும் விடாதீர்கள்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேறொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் பொறுப்பு உங்களுடையதுதான். புதியவர் சேர்ந்ததும் குழுவுக்கு ஒரு வரவேற்புச் செய்தி போவது மாதிரியான வேலைக்கு அது நன்றாக உதவும்.

எந்த வழியானாலும் இரண்டு மாதம் பழைய முறையும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். மொத்தத் தொகை ஒத்துப்போனால் போதாது, ஒருவர் கூடுதலும் இன்னொருவர் குறைவும் சேர்ந்து சரியாகிவிடும். கைக்கு வரும் சம்பளத்தை ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். மாத நடுவில் சேர்ந்தவர், மாத நடுவில் போனவர், சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர், அரியர் வாங்கியவர், 21,000-ஐத் தாண்டியவர், மாதக் கடைசி ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர் என்று ஆறு பேரின் சம்பளச் சீட்டைக் கையால் போட்டுப் பாருங்கள்.