லைக் போட்டவர் எப்போது கிளம்பி வருவார்?

நண்பர் ஒருவரின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, ரத்தம் வேண்டும் என்று ஒரு முறை பதிவு போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் பகிர்வுகள் குவிந்தன, கூப்பிய கைகள், இதயங்கள், 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று வரிசையாக வாழ்த்துகள். ஆனால் மாலை வரை ரத்தம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அப்புறம், பகிர்ந்தவர்களில் எனக்கு நேரில் பழக்கமான ஆறு பேருக்கு போன் போட்டு, 'நாளைக் காலை பத்து மணிக்கு வர முடியுமா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். நாலு பேர் வந்தார்கள்.

அந்த நாலு பேருக்கும் முந்தின நாளே விஷயம் தெரியும், அக்கறையும் இருந்தது. யாரும் தன்னிடம் நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் 'லைக் போடுவதோடு சரி, இந்தக் காலத்து ஆட்கள் சோம்பேறிகள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்நாட்டுப் போரில் சிக்கிய சூடானின் டார்ஃபூர் பகுதி மக்களுக்காக ஃபேஸ்புக்கில் தொடங்கிய இயக்கத்தில் 10 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தார்கள், அவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாக ஒரு காசும் கொடுக்கவில்லை. 2014-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் உறுத்தலானது. போர் நினைவு நாளுக்கான பாப்பி மலரைச் சிலருக்கு எல்லோரும் பார்க்கும்படி சட்டையில் குத்திவிட்டார்கள், சிலருக்கு உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பிறகு நன்கொடை கேட்டபோது உறை வாங்கியவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். நாலு பேர் பார்க்க ஆதரவைக் காட்டிவிட்டால், நம் பங்கு முடிந்தது என்று மனசு ஆறிவிடுகிறது போல.

ஆனால் அதே ஃபேஸ்புக்கில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2010-இல் அமெரிக்கத் தேர்தல் நாளன்று சுமார் 6 கோடி பேருக்கு 'இன்று வாக்களியுங்கள்' என்று ஒரு செய்தி காட்டப்பட்டது. வெறும் செய்தியை மட்டும் பார்த்தவர்களிடம் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களோடு பார்த்தவர்களில்தான் கூடுதலாகச் சிலர் வாக்குச்சாவடிக்குப் போனார்கள், அதுவும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான் அந்தத் தாக்கம் பரவியது. தனித்தனியாகப் பார்த்தால் ரொம்பச் சின்ன வித்தியாசம், மொத்தமாகக் கூட்டினால் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள்.

2012 மே மாதம் ஃபேஸ்புக்கில், உறுப்பு தானம் செய்பவர் என்று தன் பக்கத்தில் குறிப்பிடும் வசதி வந்தது, அதிகாரபூர்வப் பதிவேட்டுக்கான இணைப்பும் அங்கேயே இருந்தது. அமெரிக்காவில் வழக்கமாக நாளுக்கு 600 பேர் போல இணையத்தில் பதிவு செய்துவந்த இடத்தில், முதல் நாள் மட்டும் 13,000-க்கும் மேல்! ஆர்வம் வந்த அந்த நிமிடத்திலேயே செய்ய வேண்டிய வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் நடந்தது இது. ஆனால் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வேகம் பெருமளவு இறங்கிவிட்டது.

அந்த இறக்கத்தைத்தான் இயக்கம் நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும். 1955 டிசம்பரில், அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை நகலெடுத்தார். அந்தக் காலத்து வைரல் பதிவு அது. ஆனால் புறக்கணிப்பு 381 நாள் நின்றது துண்டறிக்கையால் மட்டும் இல்லை, யாரை எந்தக் காரில் எத்தனை மணிக்கு ஏற்றுவது, பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தினமும் உட்கார்ந்து வேலை பார்த்த ஆட்களால். துண்டறிக்கை இல்லாமல் முதல் நாளே நடந்திருக்காது என்பதும் உண்மைதான்.

நான் இப்போது எந்தப் பதிவு போட்டாலும் தேதி, நேரம், இடம், பேச வேண்டியவர் பெயர் நாலும் இல்லாமல் போடுவதில்லை. யார் பகிர்ந்தார்கள் என்று அன்று இரவே பார்த்து, தெரிந்தவர்களிடம் தனியாகக் கேட்கிறேன். வந்தவர்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேலையை அவர்கள் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.