மலாயில் கேட்ட மாத்திரை
பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு மருந்தகத்தில் மருந்தாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் என் காதில் முதலில் உறைத்தது மொழி. காய்ச்சல் மருந்தைத் தமிழில் கேட்கும் பெண்கள், அவசரக் கருத்தடை மாத்திரை என்று வரும்போது, எதிரே நிற்பவள் தமிழ்ப்பெண் என்று தெரிந்தும் மலாய்க்கு மாறிவிடுவார்கள். மலேசியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மருந்தாளரிடம் அதைப் பெறலாம். ஆனால் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் நாங்கள் ஏட்டில் பதிய வேண்டும். பேனாவை எடுத்ததும், "அதெல்லாம் எதுக்கு அக்கா?" என்று தமிழ் தானாக வந்துவிடும்.

தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் இளம்பெண் ஒருவர் சில மாதங்களுக்குள் மூன்றாம் முறையாக வந்தார். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அன்றாட மாத்திரையே அதிக நம்பகமானது என்று நான் அடுக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெரியும் அக்கா. தெனமும் போட்டா நானே திட்டம் போட்ட மாதிரி ஆயிடும். இது தெரியாம நடந்தது."

பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தவறி நடந்ததை மனம் மன்னித்துவிடுகிறது. முன்கூட்டியே ஆயத்தமானதை மன்னிப்பதில்லை. ஆணுறை பற்றிக் கேட்டேன். ஒரு முறை சொல்லிப் பார்த்தாராம், "என் மேல சந்தேகமா?" என்று காதலர் முகம் திருப்பிக்கொண்டதும், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். ஆணுறையை எப்போதும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் 2 பேர்தான் கருவுறுவார்கள் என்றும், நடைமுறையில் அது 13 என்றும் படித்திருக்கிறேன். இடையிலுள்ள அந்த 11 பேரில் எத்தனை பேர் கேட்கத் தயங்கியவர்களோ! (ஆண்களுக்கும் கூச்சம் உண்டு, ஆணுறையோடு வேண்டாத இருமல் மிட்டாயும் வாங்குவார்கள்.)

அன்று நான் அடுத்த வாடிக்கையாளர் காதில் விழும்படி அறிவுரை சொன்னது பிழை. அந்தப் பெண் வெகுநாள் வரவில்லை. அதன்பின் இரத்த அழுத்தம் பார்க்கும் மூலைக்கு அழைத்துச் சென்றே இதையெல்லாம் பேசலானேன்.

மீண்டும் வந்தபோது கூடவே ஓர் இளைஞரும் வந்து, சத்து மாத்திரை அடுக்கின் முன் ஒரே போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்களும் வாங்க" என்றேன். வந்து உட்கார்ந்தவர், அன்றாட மாத்திரை போட்டால் பின்னாளில் பிள்ளை தங்காமல் போய்விடுமா என்று தாழ்ந்த குரலில், மலாயில், கேட்டார். நிறுத்தியதும் கருவுறும் தன்மை திரும்பிவிடும் என்று நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.