அந்த 45 பக்கங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் உள்விசாரணைக் குழுவொன்றில் உறுப்பினராக உட்கார நேர்ந்தது. வாடிக்கையாளர் பட்டியலை வெளியே அனுப்பிவிட்டார் என்று ஊழியர் ஒருவர்மீது குற்றச்சாட்டு. அவருடைய அலுவலகக் கணினியிலிருந்து எடுத்த அச்சுப் பிரதிகளைக் கோப்பில் கோத்து எங்கள் முன் வைத்திருந்தார்கள். நான் பிரித்த பக்கத்தில் பட்டியல் இல்லை; ஸ்கேன் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று அவருடைய மனைவி கேட்ட மின்னஞ்சலும், அதற்கு அவர் எழுதிய இரண்டு வரிப் பதிலும் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு, நான் எதைப் படிக்கிறேன் என்பது தெரிந்தே இருந்தது.

பர்புலெஸ்கு எதிர் ருமேனியா வழக்கைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக, நிறுவனத்தின் சொற்படி யாஹூ மெசஞ்சர் கணக்கொன்றைத் தொடங்கியிருந்த பொறியாளர் பர்புலெஸ்கு. 2007 ஜூலையில் சில நாட்கள் அந்தக் கணக்கை நிறுவனம் கண்காணித்தது. அலுவல் தொடர்பாக மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்ததும், தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடும் சகோதரரோடும் பேசியவை உட்பட 45 பக்கங்களை அவர்முன் நீட்டியது. அவற்றில் உடல்நலம் பற்றிய பேச்சும் அந்தரங்கமும் இருந்தன. ஆகஸ்ட் 1 அன்று வேலை போயிற்று.

சொந்தப் பயன்பாடு கூடாது என்ற விதி அங்கே இருந்தது. அதை அவர் மீறியதும் உண்மை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்கை முதலில் விசாரித்த அமர்வு 2016-இல் நிறுவனத்தின் செயலில் தவறு காணவில்லை. ஆனால் 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, நீதிபதிகள் 11-க்கு 6 என்ற கணக்கில் அதை மாற்றியது. கண்காணிப்பு நடக்கும் என்றும் எந்த அளவுக்கு நடக்கும் என்றும் ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா, அதற்குத் தகுந்த காரணம் இருந்ததா, உள்ளடக்கத்தைப் படிக்காமலே நோக்கம் நிறைவேறியிருக்காதா என்பவற்றை ருமேனிய நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்பதே அதன் முடிவு.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். விதி மீறப்பட்டதா என்று அறிய, செய்தி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பது போதும். செய்தியைப் படிக்க வேண்டியதில்லை. எங்கள் விசாரணையிலும், அனுப்பிய நாள், பெறுநர் முகவரி, இணைப்புக் கோப்பின் பெயர் ஆகிய மூன்றைக் கொண்டே குற்றச்சாட்டு நிரூபணமானது. மற்றப் பக்கங்களை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். ஆனால் அதற்குள் நால்வர் படித்துவிட்டோம்.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதும் அதே 2017-இல்தான், ஆகஸ்ட் 24 அன்று. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள இடமளிக்கிறது. பேரமர்வு கேட்ட கேள்விகள் அந்தப் பிரிவில் இல்லை. எனவே, இப்போது நான் பணிபுரியும் இடத்தில், பணி ஆணையோடு தரும் கணினிப் பயன்பாட்டு விதிகளிலேயே அவற்றைச் சேர்க்கும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.