இடம் மாறிய தசை: அறுவைக்குப் பின் ஆறு மாதம்

பிப்ரவரி 2

நாளை, 3ஆம் தேதி, அறுவை என்று வைத்துக்கொண்டு இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறோம். வேறு தேதியில் அறுவை நடந்தவர்கள் நாள் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மார்பகம் அகற்றியவர்களுக்கு முதுகுத் தசையை எடுத்துப் புது மார்பகம் அமைக்கும் அறுவையைப் பற்றித்தான் அதிகம் எழுதுவோம். வயிற்றுத் தசைக்கு ஒரு நாள் தனியாக உண்டு.

அந்த முதுகுத் தசையின் பெயர் லாட்டிஸிமஸ் டார்சை. முதுகின் கீழ்ப்பாதியில் விசிறிபோல விரிந்து, அக்குள் வழியாகப் போய் மேற்கை எலும்பில் முடிகிறது. தூக்கிய கையைக் கீழே இழுக்க, கையைப் பின்னால் கொண்டுபோக, உடலோடு சேர்த்து அணைக்க, உள்பக்கமாகத் திருப்ப அது வேண்டும். அறுவையில் அதை ஒரு துண்டுத் தோலோடு பிரித்து, ரத்தம் கொடுக்கும் நாளத்தை அறுக்காமல், அக்குளுக்குக் கீழே தோலடியில் வழி செய்து முன்பக்கம் கொண்டுவருகிறார்கள். இத்தாலியில் இஜினியோ தான்சினி 1906லேயே மார்பகம் அகற்றிய இடத்தை மூட இதைப் பயன்படுத்தினார். பிறகு வழக்கொழிந்துபோய் 1970களில்தான் திரும்பி வந்தது.

இன்று செய்ய வேண்டியவை சில. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பக்கவாட்டில் விரித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படம் எடுத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து ‘முன்பு எவ்வளவு உயர்ந்தது?’ என்ற கேள்விக்கு நினைவு சரியான பதில் தராது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பழகுங்கள். தினமும் எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே உள்ள உயரத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டைகளை எடுத்து வையுங்கள்.

ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துபவர்கள், கை பலத்தால் உடலைத் தூக்கி இடம் மாறுபவர்கள், அதை மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்தத் தசை காலுக்குச் சமம். எந்தத் தசையை எடுப்பது என்ற முடிவே அதனால் மாறலாம்.

பிப்ரவரி 4

முதல் நாள். செவிலியர் அடிக்கடி வந்து புது மார்பகத்தைத் தொட்டுப் பார்ப்பது ரத்த ஓட்டத்துக்காக. நிறம், சூடு, விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். வெளிறிக் குளிர்ந்திருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. கருநீலமாக, கனத்து, அழுத்தி விட்டதும் சட்டென்று நிறம் திரும்பினால் ரத்தம் வெளியே போகவில்லை. இரண்டுமே அவசரம். மாற்றத்தை நீங்கள் முதலில் பார்த்தால், அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் உடனே கூப்பிடுங்கள்.

உடற்பயிற்சி இன்றே தொடங்கும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை. விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது. தோளை இப்போதைக்கு 90 பாகைக்கு மேல், அதாவது தோள் உயரத்துக்கு மேல், தூக்க வேண்டாம் என்பதே பெரும்பாலான மருத்துவக் குழுக்களின் அறிவுரை. உங்கள் மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

கையைத் தூக்கக் கூடாது என்றதும் பலர் அதை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். தோள்மூட்டு இறுகுவது அங்கேதான் ஆரம்பம். சாப்பிட, பல் துலக்க, முகம் கழுவ அந்தக் கையையே பயன்படுத்துங்கள். படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் அதை ஊன்றவோ, அதைப் பிடித்து யாரும் தூக்கிவிடவோ கூடாது.

பிப்ரவரி 7

வீட்டுக்குப் போகும்போது, காயத்துக்குள் ஊறும் நீரை வெளியே எடுக்கும் டிரெய்ன் (drain) குழாய்களும் கூடவே வரும். வழக்கமாக மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று அல்லது இரண்டு. முதுகுக் குழாய்தான் அதிக நாள் இருக்கும்.

காலையும் மாலையும் கை கழுவிவிட்டுக் காலி செய்யுங்கள். அதற்கு முன் குழாயில் அடைத்திருக்கும் கட்டியை நகர்த்த வேண்டும். தோலுக்கு அருகில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் அழுத்தியபடி பல்பு வரை, அதாவது குழாயின் மறுமுனையில் நீரை உறிஞ்சிச் சேர்க்கும் குமிழ் வரை, வழித்துவிடுங்கள். முதல் கை நழுவினால் இழுப்பு முழுதும் தையலில் விழும், வலிக்கும். பிறகு மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, மில்லி கணக்கைக் குழாய் வாரியாக எழுதுங்கள். பல்பைத் தட்டையாக அழுத்திப் பிடித்தபடியே மூடியைப் போடுங்கள். பல்பு உப்பியிருந்தால் அது உறிஞ்சவில்லை என்று அர்த்தம்.

சிவப்பு மங்கி இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறமாவது சரியான போக்கு. திடீரென்று புது ரத்தச் சிவப்பு, கலங்கல், துர்நாற்றம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

பல்புகளை ஆடைக்குள் பின் போட்டு நிறுத்துங்கள். தொங்கவிட்டால் கதவுக் கைப்பிடியில் மாட்டும்.

பிப்ரவரி 11

இந்த வாரம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முதுகைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியதுபோல் இருக்கிறது. தையல் பிரிகிறதோ என்று பயப்படுகிறார்கள். தோல் துண்டு எடுத்த இடத்தை இழுத்துச் சேர்த்துத் தைத்திருப்பதும், உள்ளே ஆறும் திசு சுருங்குவதும், அறுபட்ட சிறு நரம்புகளும் சேர்ந்து தருகிற உணர்வு இது. மூச்சை ஆழமாக இழுக்கும்போது கூடும். மெதுவாகத் தளரும், ஆனால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்.

தூக்கம்தான் பெரிய தொல்லை. முன்னால் காயம், பின்னால் காயம். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தலையணைகளால் உயர்த்தி, அறுவைப் பக்கக் கையை ஒரு தலையணை மேல் வையுங்கள். அறுவை செய்யாத பக்கம் திரும்பிப் படுக்க அனுமதி கிடைத்ததும், நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக் கையை அதன்மேல் வைத்தால் தோள் முன்னால் சரியாது. சட்டை போடும்போது அறுவைப் பக்கக் கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

பிப்ரவரி 18

குழாய் எடுக்கும் வாரம். ஒரு நாளின் அளவு 30 மில்லிக்குக் கீழே வந்து, அடுத்த நாளும் அப்படியே நின்றால் எடுப்பது பொது வழக்கம். முதுகில் மூன்று வாரம்கூட ஆகலாம்.

எடுத்தபின் வருவது செரோமா, முதுகில் நீர் கோர்ப்பது. இந்த அறுவையில் மிக அதிகமாக வரும் சிக்கல் இதுதான். அகலமான தசையை எடுத்ததால் தோலுக்கும் கீழ்த் திசுவுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருக்கிறது. தோள்பட்டை அசையும்போதெல்லாம் அந்த இரண்டு பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஒட்ட முடியாமல் போகிறது. இடையில் நிணநீர் ஊறுகிறது. பல மருத்துவர்கள் தோலை உள்ளேயே பல இடங்களில் கீழ்த் திசுவோடு சேர்த்துத் தைப்பது இதைக் குறைக்கத்தான்.

புரளும்போது முதுகில் தண்ணீர்ப்பை தளும்புவதுபோல் உணர்வீர்கள். சிறியதைப் பெரும்பாலும் உடலே உறிஞ்சிக்கொள்ளும். பெரியதை ஊசியால் எடுப்பார்கள். அங்கே தோல் மரத்திருப்பதால் அவ்வளவாக வலிக்காது. ஒருமுறை எடுத்தால் தீராது. வாரம் ஒருமுறை என்று சில தடவை போக வேண்டியிருக்கலாம். அது உங்கள் தவறல்ல. ஆனால் செரோமா பெருகிக்கொண்டே இருக்கும் வாரத்தில் தோள் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். சுற்றிலும் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது வெறும் நீரல்ல, அன்றே காட்ட வேண்டும்.

பிப்ரவரி 25

காயம் மூடி, குழாயும் போய்விட்டால் தோள் உயரத்தைத் தாண்டலாம். சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நின்று, விரல்களால் சுவரில் ஏறுங்கள். இழுக்கிறது என்று தோன்றும் இடத்தில் ஐந்து எண்ணும் வரை நின்று, விரல்களாலேயே இறங்குங்கள். தொப்பென்று கையைப் போடக் கூடாது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்தது, மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் ஒரு கோலைப் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதைத் தலைக்கு மேலே கொண்டுபோவது. ‘இழுக்கிறது’ வரை போகலாம். ‘குத்துகிறது’ என்றால் நிறுத்துங்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் மறுநாள் பாதி செய்யுங்கள்.

அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறுபோல் ஒன்று புடைத்து இழுத்தால் பயப்பட வேண்டாம். நிணநீர் முடிச்சு எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். மென்மையான நீட்டலும் பிசியோதெரபிஸ்டின் கைப்பயிற்சியும் போதும்.

கதிர்வீச்சு இருக்கிறது என்றால் தோள் அவசரம். கையைத் தலைக்கு மேலே வைத்து அசையாமல் படுக்க வேண்டும். முடியாவிட்டால் சிகிச்சைத் திட்டமே தள்ளிப்போகும். இதற்காகவே இந்த வாரத்தை வீணாக்காதீர்கள்.

மார்ச் 3

வயிற்றுத் தசைக்கான நாள். 1982இல் கார்ல் ஹார்ட்ரம்ப் எழுதிய முறை: தொப்புளுக்குக் கீழுள்ள தோலும் கொழுப்பும், அவற்றுக்கு ரத்தம் தரும் நேர்வயிற்றுத் தசையோடு மேலே போகின்றன. வயிற்றை இறுக்கித் தைப்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் இடுப்பில் சற்று வளைந்தே நடக்க வேண்டும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். அந்த வளைவால் வரும் முதுகுவலிதான் சிலருக்கு வயிற்று வலியைவிடப் பெரிது. படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை. எழும்போது உடலை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்டி, காலைத் தொங்கவிட்டு, கையால் தள்ளி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடியுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்குவது வயிற்றுச் சுவரைத் தள்ளும். ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே மருத்துவரிடம் கேளுங்கள்.

தசை மேல்முனையில் ஒட்டியபடியே திருப்பப்பட்டிருந்தால், அதன் ரத்த நாளம் விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தாண்டிப் போகிறது. வயிற்றுப் பட்டையோ கம்பி வைத்த உள்ளாடையோ அந்த இடத்தை அழுத்தக் கூடாது. ஆறு வாரமாவது கனம் தூக்க வேண்டாம். பின்னாளில் ஒரு பக்கம் புடைத்தால் அது சுவரின் தளர்வா, குடலிறக்கமா என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். இரண்டு பக்கத் தசையும் போனவர்கள் கையை ஊன்றாமல் படுக்கையிலிருந்து நேராக எழுவது நெடுநாள் சிரமமாகவே இருக்கும்.

மார்ச் 17

ஆறு வாரம். மருத்துவர் சரி என்றால் பலப்படுத்தும் பயிற்சி. போன தசையின் வேலையை டெரஸ் மேஜர் என்ற சிறு தசையும் தோள்பட்டையைப் பிடிக்கும் தசைகளும் ஏற்க வேண்டும். அவை தாமாகக் கற்றுக்கொள்வதில்லை. இழுவைப் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, தோள்பட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி ஐந்து எண்ணுங்கள். பத்து முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கையெடை அரைக் கிலோவிலிருந்து. மறுநாள் வீக்கமோ புது வலியோ இல்லையென்றால்தான் அடுத்த படி.

கார் ஓட்டத் தேதி பார்க்காதீர்கள். திடீர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிகிறதா, திரும்பிப் பார்க்க முடிகிறதா, ஸ்டியரிங்கை ஒரே மூச்சில் திருப்ப முடிகிறதா, தூக்கம் தரும் வலி மாத்திரை நின்றுவிட்டதா, இவைதான் சோதனை.

மார்ச் 26

கையைக் கீழே அழுத்தும்போது மார்பகம் துள்ளுகிறது என்று பலர் வெட்கத்தோடு கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தசை இடம் மாறினாலும் அதன் நரம்பு அறுக்கப்படாவிட்டால் மூளையின் பழைய கட்டளை இன்னும் போகிறது. அறுத்தவர்களுக்குத் துள்ளல் குறையும். பதிலுக்கு, மாதங்களில் தசை மெலிந்து மார்பகத்தின் அளவும் கொஞ்சம் குறையும்.

மார்பகமும் முதுகும் மரத்திருப்பது இதைவிடக் கவனிக்க வேண்டியது. வெந்நீர்ப் பை, மின்சூட்டுப் பட்டை இரண்டையும் அந்த இடங்களில் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் கொப்புளம் வரை போகும். குளிக்கும் நீரின் சூட்டை மற்றக் கையால் பாருங்கள்.

ஏப்ரல் 28

மூன்று மாதம். தலை வாருவது, உடுத்துவது, மேசை வேலை எல்லாம் பெரும்பாலும் திரும்பியிருக்கும். திரும்பாதது எது என்று நேராகச் சொல்வோம். தொங்கி உடலைத் தூக்குவது, ஏணியில் கையால் இழுத்து ஏறுவது, கனமான கதவைத் தன் பக்கம் இழுப்பது, வேகமாக நீந்துவது. பலம் ஓராண்டு வரை கூடிக்கொண்டு போகும். ஆனால் இவற்றில் ஒரு குறை நிலைக்கலாம். தலைக்கு மேலே கையை வைத்தே வேலை செய்பவர்களுக்குச் சோர்வு சீக்கிரம் வரும், வேலையைக் கூறுபோட்டுச் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 4

பிப்ரவரி 2இல் எடுத்த படத்தோடு இன்றைய படத்தை வைத்துப் பாருங்கள். கை உயரம் சரியாகி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது மட்டும் பின்தங்கியிருந்தால் அதற்கென்றே பயிற்சி கேளுங்கள். மார்பகத்தில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அது ரத்தம் போதாமல் இறுகிய கொழுப்பாக இருக்கலாம், இருந்தாலும் பரிசோதனை செய்யாமல் அப்படி முடிவு கட்டக் கூடாது.

இனி எப்போதாவது கால் சுளுக்கி ஊன்றுகோல் கொடுத்தாலோ, ஜிம்மில் கம்பியை மேலிருந்து இழுக்கச் சொன்னாலோ, அந்தப் பக்கத்தில் லாட்டிஸிமஸ் தசை இல்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆடை மறைத்திருப்பதால் எதிரே நிற்பவருக்குத் தெரியாது.