மேற்குக் குழாயும் மடைப்பள்ளிப் பெட்டியும்

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மைக்செட்டுக்கு ஒரே ஒரு வால்யூம் திருகு. கூட்டினால், கூரையில் மேற்கே இருக்கும் குழாய் ஒலிபெருக்கிக்கு எதிர்வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்துவிடுவார். குறைத்தால் மண்டபத்தின் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. 120 வாட் ஆம்ப்ளிஃபயர், கூரையில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக 16 ஓம் குழாய்கள், மண்டபத் தூண்களில் நான்கு 8 ஓம் காலம் ஸ்பீக்கர்கள் (நெட்டைப் பெட்டி வடிவம்). மடைப்பள்ளிக்கும் புதிதாக ஒன்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து இறங்கினேன். மூன்று மாதம் இழுத்தது.

முதலில் மேற்குக் குழாய்க் கம்பியின் நடுவே மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் 50 ஓம், 10 வாட் கம்பிச்சுருள் திருகு ஒன்றைச் சேர்த்தேன். சத்தம் குறைந்தது, அரை மணி நேரத்தில் கருகல் வாடையும் வந்தது. கணக்கை அப்புறம்தான் போட்டேன். முழு ஓசையில் குழாய்க்குப் போவது 22 வோல்ட். திருகில் 16 ஓம் இருக்கும்படி வைத்தால் ஓடும் மின்னோட்டம் கிட்டத்தட்ட 0.7 ஆம்பியர். அந்தத் திருகு தாங்குவதோ 0.45 ஆம்பியர்தான். 10 வாட் என்பது சுருள் முழுவதற்குமான அளவு, அதில் ஒரு துண்டுக்கு அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வயரிங் வேலை செய்யும் நண்பர், “ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டுப் பார், அண்ணா” என்றார். அதற்குள் 100 வோல்ட் லைனுக்கு, அதாவது ஒலியை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பி ஸ்பீக்கர் அருகே டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்ளும் முறைக்கு, மாறும் எண்ணம் வந்திருந்ததால், சோதனைக்காக ஒரு குழாயை லைன் டிரான்ஸ்ஃபார்மரின் 10 வாட் முனையில் இணைத்து, முன்னால் ரெகுலேட்டரைப் போட்டேன். வேடிக்கையாகிவிட்டது: குரல் அப்படியே இருந்தது, தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மட்டும் மெலிந்தது. ரெகுலேட்டருக்குள் இருப்பது மின்தேக்கி. 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மின்விசிறி ஓடும் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1,450 ஓம் தடுக்கும். 1,000 ஹெர்ட்ஸில் வெறும் 72 ஓம். டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து குழாய்ப் பக்கம் 1,000 ஓம் இருக்கும்போது இந்த 72 என்ன செய்துவிடும்? மின்விசிறிக்குச் செய்தது மின்விசிறிக்கு மட்டும்தான்.

பிறகு அரைகுறை வேலையெல்லாம் வேண்டாமென்று எல்லாவற்றையும் 100 வோல்ட் லைனுக்கு மாற்றினேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எந்த முனையில் கம்பியை வைக்கிறோமோ அத்தனை வாட்டை அது லைனிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று அசையாது. முன்பு காலம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்திருந்ததால் ஒன்றைக் குறைத்தால் அதன் ஜோடியும் சேர்ந்து அடங்கும். அந்தத் தொல்லையும் போயிற்று.

இணைத்த அன்றே ஃபியூஸ் போனது. மடைப்பள்ளிப் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட மறந்திருந்தேன். 100 வோல்ட்டுக்கு முன்னால் வெறும் 8 ஓம் என்றால் அது கேட்பது 1,250 வாட். ஃபியூஸ் போனதோடு நின்றது பிள்ளையார் கருணை.

மேற்குக் குழாயை 30 வாட்டிலிருந்து 15க்கு இறக்கிவிட்டுப் பாட்டியிடம் கேட்டேன். “என்னப்பா குறைத்தாய்?” என்றார். அவர் சொன்னது சரிதான். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல். காது அதைப் பொருட்படுத்துவதில்லை. பாதியாகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது 30 வாட் 3 வாட்டாக வேண்டும். 7.5 வாட் முனையில் வைத்து, குழாயையும் சற்றே தெருப்பக்கம் திருப்பினேன். திருப்பியதில்தான் பாட்டிக்கு அதிகத் திருப்தி.

கூரையேறாமல் மாற்ற, படிப்படியாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வகை வால்யூம் பெட்டிகள் மூன்று வாங்கினேன். ஒரு படிக்கு 3 டெசிபெல், கடைசியில் ‘ஆஃப்’. குழாய்களுக்கான இரண்டும் ஆம்ப்ளிஃபயர் அருகே ஒரே பலகையில். அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. செலவில் பெரும்பங்கு கம்பிக்கே போனது. மொத்தச் சுமை: குழாய்கள் 30, 7.5, காலம் ஸ்பீக்கர்கள் நான்கு பத்தாக 40, மடைப்பள்ளி 5. ஆக 82.5 வாட். ஆம்ப்ளிஃபயரின் 80 சதவீதமான 96க்குள் அடங்கிவிட்டது.

மார்கழியில் கோயில் நடை 4.30 மணிக்கே திறக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குகளுக்குள் தவிர, ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இந்த முறை 6 மணி வரை இரண்டு குழாய்களும் ‘ஆஃப்’. மண்டபத்துக்குள் மட்டும் மெல்லிய சத்தத்தில் திருப்பாவை.

மூன்றாவது பெட்டி மடைப்பள்ளிச் சுவரில், சமையல்காரர் கைக்கெட்டும் இடத்தில். மாட்டிய மறுநாளிலிருந்து அது ‘ஆஃப்’பில்தான் இருக்கிறது. பிரசாதம் கொண்டு வரச்சொல்லி மைக்கில் மூன்று முறை கூப்பிட்டும் வராததால் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. திருகு எங்கே இருந்தாலும் அறிவிப்பு முழுச் சத்தத்தில் போகும்படி, 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் தானாக மாறும் சுவிட்ச்) உள்ள வால்யூம் பெட்டிகள் கிடைக்கின்றன. அடுத்து அதற்கான கம்பியை இழுக்க வேண்டும்; சமையல்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.