சித்தப்பாவின் தொம்பையும் 18 பக்க ஒப்பந்தமும்

சித்தப்பா கருப்பூர் கலம்காரி, அதாவது துணியில் கையால் சாயம் தீட்டும் ஓவியம், வரைகிறவர். மும்பையிலிருந்து ஒரு பெரிய ஃபேஷன் நிறுவனம் எங்கள் ஊர் சிக்கல்நாயக்கன்பேட்டைக்கே தேடி வந்தது. தொம்பையில் (கோயிலில் தொங்கவிடும் உருளை வடிவத் துணியில்) இருக்கும் அன்னத்தையும் கொடியையும் பட்டு ஸ்கார்ஃபில் போட வேண்டுமாம். மாதிரி வரைந்தோம், அனுப்பினோம், பிடித்துவிட்டது. அதுவரை தொல்லையில்லை. காகிதம்தான் உயிரை எடுத்தது.

ஒப்பந்தம் இங்கிலீஷில் 18 பக்கம். சகல உரிமையும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே. சித்தப்பா பெயர் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும். கும்பகோணத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் காட்டினால், புரட்டிக்கூடப் பார்க்காமல், "வாடகையா, போக்கியமா?" என்றார்.

அப்புறம் ஒரு வக்கீல்தான் விளக்கினார். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் அந்த இரண்டையும் அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார்கள்!

நிறுவனத்திலிருந்து போனில் பேசிய பெண்ணிடம் கேட்டேன்: 2003-இல் லூயி வுய்த்தோன் கம்பெனி பைக்கு ஜப்பான் ஓவியர் தகாஷி முரகாமி வண்ணம் கொடுத்தபோது அவர் பெயரைச் சொல்லித்தானே விற்றார்கள்? 2022 ஜனவரியில் பாரிஸில் டியோர் ஃபேஷன் ஷோவின் சுவர்களில் நம் நாட்டு ஓவியர்கள் மாத்வி பரேக், மனு பரேக் ஓவியங்களை எம்பிராய்டரியாக மாட்டியபோதும் பெயர் சொன்னார்களே?

"அவங்க ஆர்ட்டிஸ்ட், மேடம்."

அப்படியானால் சித்தப்பா யாராம் என்று கேட்டேன். ஊர்ப் பெயர் போடுகிறோம், போதாதா என்றார். ஊர்ப் பெயருக்கு 2021-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. நான் கேட்டது வரைந்த கைக்கு.

இழுத்து இழுத்து, 3 வருடம், ஸ்கார்ஃப் மட்டும், அட்டையில் சித்தப்பா பெயர் என்று வந்து நின்றது. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

முன்பணம் வருவதற்குள் பேங்க் படுத்திய பாடு தனி. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும். நிறுவனத்தின் ஃபாரமோ குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கவுண்டரில் இருந்தவர் ஒருநாள் சர்வர் இல்லை என்றார், இன்னொருநாள் மேனேஜர் லீவு. பேச்சு ஆரம்பிக்கும்போதே ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்கேன் எடுக்க மூலத் துணியைக் கேட்பார்கள். திருப்பி அனுப்பும் தேதியையும், கூரியர் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். எங்கள் துணி இன்னும் மும்பையில்தான் இருக்கிறது. "அடுத்த வாரம்" என்று வாராவாரம் சொல்கிறார்கள்.