முனைக்காட்டுத் தெப்பமும் என் ஏழு தக்காளி நாற்றும்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊரில் நான் இறங்கியதற்குக் காரணம் ஏழு தக்காளி நாற்றுகள். கடல்பாசித் திரவம் செடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு பாட்டில் வாங்கினேன். இயற்கைச் சரக்குதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று தண்ணீரே கலக்காமல் தெளித்தும் விட்டேன். மூன்றாம் நாள் இலையோரமெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது. ராமேஸ்வரம் போகிற சாக்கில், அந்தப் பாசி எங்கேதான் விளைகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

மண்டபத்தை ஒட்டிய முனைக்காடு, பாக் விரிகுடாப் பக்கம். காலை ஆறரைக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக மூங்கில் தெப்பங்கள், ஒவ்வொன்றும் 12 அடிக்கு 12 அடி. குறுக்கே கட்டிய கயிறுகளில் பிடிபிடியாகப் பாசித் துண்டுகள் தொங்குகின்றன. கப்பாபைகஸ் என்கிற வெளிநாட்டு இனம். 45 நாளில் அறுவடை. ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: வழவழப்பு, பச்சையும் பழுப்புமாய் ஒரு நிறம், வளைத்தால் குருத்தெலும்புபோல நறுக்கென்று ஒடிகிறது. ஒடிந்த இடத்தில் நீர் துளிர்த்தது.

தெப்பத்துக்கு அடியில் வலை எதற்கு என்று கேட்டேன்.

"ஓரா மீனுக்குத்தான் தம்பி. விட்டா நுனியெல்லாம் மேஞ்சுட்டுப் போயிரும்" என்றார், விரல்களில் துணி சுற்றியிருந்த அக்கா.

ஒடிந்த பாசியில் துளிர்த்த அந்தத் துளிதான் சமாச்சாரம். பறித்த ஈரத்தோடு பாசியை அரைத்து வடித்தால் வருவது செடிக்கான சாறு. மிஞ்சும் சக்கை, ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கேரஜீனனுக்குப் போகிறது. மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை இது. சாற்றில் பொட்டாசியம் நிறைய, தழைச்சத்து சொற்பம். வேரையும் கிளையையும் தூண்டும் ஆக்சின், சைட்டோகைனின் போன்றவை துளியளவு. அதாவது இது உரமே இல்லை, ஊக்கி. 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே உயிர் ஊக்கிகளுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். தொழுவுரம் போடாத தொட்டியில் இதை மட்டும் தெளிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற கதை.

ஒரு நெருடலும் உண்டு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் இதே கப்பாபைகஸ் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள். 'இயற்கை' என்று பாட்டிலில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் பாறையும் ஞாபகத்துக்கு வருகிறது.

ஊர் திரும்பியதும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி என்று கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்தேன். பூக்கும் முன் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து மறுமுறை. பூ உதிர்வது குறைந்த மாதிரிதான் இருக்கிறது. மண்புழு உரமும் கூடவே போட்டதால் புண்ணியம் யாருக்கென்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கிளம்பும் முன் கருகிய கதையை அந்த அக்காவிடமும் சொல்லியிருந்தேன்.

"எத்தனை பொழைச்சுது?"

"ஏழுல நாலு, அக்கா."

"கடல்ல வெளைஞ்சதாச்சே தம்பி, உப்பிருக்காதா? நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்துவிட்டு அடுத்த கயிற்றுக்கு நகர்ந்தார்.